துணியில ரத்தக்கறை பட்டா என்ன பண்றது? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ரத்தம் பட்ட துணிய நிறைய பேர் பாத்த உடனே ஓரங்கட்டிடறாங்க, இல்லன்னா பதறிப்போய் கொதிக்கற தண்ணில முக்கிடறாங்க. ரெண்டுமே வேணாம். வீட்ல இருக்கற சாமான்லயே பெரும்பாலான கறை போயிடும், ஆனா எத முதல்ல பண்றோம், எத கடைசில பண்றோம்ங்கறது ரொம்ப முக்கியம். அந்த வரிசை தெரியாமதான் நல்ல நல்ல துணியெல்லாம் வீணாப்போகுது, அதனாலதான் ஒவ்வொரு கேள்வியா எடுத்து கொஞ்சம் விரிவாவே எழுதியிருக்கேன்.

ரத்தம் இப்பதான் பட்டுச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

பச்சத்தண்ணி. வேற எதையும் தேடி ஓடாதீங்க. முதல்ல ஒரு டிஷ்யூவோ பழைய வெள்ளைத் துணியோ வச்சு ஈரமா இருக்கற ரத்தத்த ஒத்தி எடுங்க, தேய்க்கக் கூடாது, தேய்ச்சா ஒரு சின்ன புள்ளி உள்ளங்கை அளவுக்குப் பரவிடும். அப்புறம் துணிய திருப்பி, கறை பட்ட பக்கம் கீழ பாத்த மாதிரி குழாய்க்கு அடில பிடிங்க. தண்ணி பின்பக்கத்துலேர்ந்து வந்து ரத்தத்த வந்த வழியாவே வெளிய தள்ளணும். கறை மேலயே நேரா தண்ணிய விட்டா மேலாப்புல இருந்தது நூலுக்குள்ள இன்னும் ஆழமா இறங்கிடும்.

வெளிய வந்த ரத்தம் சில நிமிஷத்துலயே உறைய ஆரம்பிச்சுடும், ஃபைப்ரின்னு ஒரு புரதம் வலை மாதிரி பின்னிக்கிட்டு சிவப்பணுக்கள எல்லாம் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கும். அந்த வலை துணி நூலோட சேந்து பின்னிக்கறதுக்கு முன்னாடி தண்ணி காட்டிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான். வெளில எங்கயாவது இருக்கீங்க, துணிய மாத்த வழியில்ல, ஆனா கை கழுவற இடத்துல குழாய் இருக்குன்னா அந்த இடத்த மட்டும் நனைச்சு, கை கழுவற சோப்பையே லேசா போட்டு அலசி விட்டுடுங்க, மிச்சத்த வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம். ஈரம் காயாம இருந்தாலே போதும்.

சுடுதண்ணில அழுக்கு நல்லா போகும்னு சொல்றாங்களே, ரத்தத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

எண்ணெய், பிசுக்கு இதுக்கெல்லாம் சூடு நல்லதுதான். ரத்தத்துல கறையா நிக்கறது ஹீமோகுளோபின், ஆல்புமின்னு பெரும்பாலும் புரதம்தான். முட்டை வெள்ளைக்கரு சட்டில பட்டதும் எப்படி வெள்ளையா இறுகுதோ அதேதான் இங்கயும் நடக்குது, 60 டிகிரி செல்சியஸ் தாண்டினா புரதம் சுருண்டு கெட்டியாகி நூலோட ஒட்டிக்கும், அதுக்கப்புறம் அது தண்ணில கரையாது. சுடுதண்ணி மட்டும் இல்ல, ட்ரையர், இஸ்திரிப் பெட்டி, ஹேர் ட்ரையர் எல்லாமே இந்தக் கணக்குதான். கறை முழுசா போச்சான்னு நல்ல வெளிச்சத்துல பாக்காம எந்த சூட்டையும் காட்டாதீங்க. ஈரத் துணில கறை கண்ணுக்கே தெரியாது, காஞ்சப்புறம்தான் பல்லக் காட்டும். அதனால சந்தேகமா இருந்தா நிழல்ல காத்தாட காய வச்சுப் பாத்துட்டு அப்புறமா மத்தது.

ஐஸ் தண்ணிதான் வேணுமா?

வேணாம். குழாய்ல வர்ற சாதா தண்ணி போதும். மேல் தொட்டி வெயில்ல சூடாகி குழாய்ல வெந்நீர் மாதிரி வருதுன்னா மட்டும் கொஞ்ச நேரம் பக்கெட்ல பிடிச்சு ஆற வச்சுக்கோங்க.

காஞ்சு போய் பழுப்பா ஆயிடுச்சு. இப்ப போகுமா?

போகும், நேரம் எடுக்கும் அவ்வளவுதான். பழுப்பு நிறத்தப் பாத்து பயப்படாதீங்க. ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்பு காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து மாறறதால வர்ற நிறம் அது, மெத்ஹீமோகுளோபின்னு பேரு.

முதல்ல மேல படிஞ்சு காஞ்சிருக்கற பொருக்க ஒரு ஸ்பூன் முனையாலயோ பழைய டூத் ப்ரஷாலயோ மெதுவா உதுத்து விடுங்க. அப்புறம் பச்சத்தண்ணில முழுசா மூழ்கற மாதிரி ஊறப் போடுங்க, தண்ணி செம்பழுப்பா மாறும், மாத்துங்க, மறுபடி ஊறட்டும். தண்ணி கலங்கறது நின்னதுக்கப்புறம்தான் சோப்பு. இந்த இடத்துலதான் பொறுமை இல்லாம எல்லாரும் தப்பு பண்றாங்க, பத்து நிமிஷம் ஊற வச்சுட்டு போகலன்னு சொல்லி கசக்கோ கசக்குன்னு கசக்கி துணிய நாராக்கிடறாங்க. ராத்திரி ஊறப் போட்டு காலைல பாருங்க, பாதி கறை தானா விட்டிருக்கும்.

என்சைம் சோப்புத்தூள்னு சொல்றாங்களே அது என்ன? எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய ரத்தக்கறைக்கு இதவிட நல்லதா வீட்ல எதுவும் கிடையாதுன்னுதான் நான் சொல்வேன். பாக்கெட் பின்னாடி சேர்மானப் பட்டியல்ல என்சைம்னோ ப்ரோட்டியேஸ்னோ போட்டிருக்கும். ப்ரோட்டியேஸ்ங்கறது புரதத்த துண்டு துண்டா வெட்டற என்சைம், பெரிய புரதமா நூல்ல மாட்டிக்கிட்டு இருக்கறது சின்னச் சின்ன துண்டானதும் தண்ணியோட ஓடிடும். இது ஏதோ புதுசா வந்த சமாச்சாரம்னு நினைக்காதீங்க, 1913லயே ஜெர்மனில ஓட்டோ ரோம்ங்கற வேதியியல்காரர் கணைய என்சைம துணி துவைக்கப் பயன்படுத்தறதுக்கு காப்புரிமை வாங்கிட்டார்.

என்சைமுக்கு நேரம் வேணும். மேல தூவி உடனே அலசினா ஒண்ணும் நடக்காது, அரை மணி நேரமாவது ஊறணும், பழைய கறைன்னா பல மணி நேரம். இன்னொரு விஷயம், என்சைம் சுறுசுறுப்பா வேலை செய்யறது வெதுவெதுப்பான தண்ணிலதான், 30லேர்ந்து 40 டிகிரி வரைக்கும். அப்ப பச்சத்தண்ணின்னு சொன்னீங்களேன்னு கேப்பீங்க. முதல் அலசல் எல்லாம் பச்சத்தண்ணில முடிச்சு ரத்தத்துல பெரும்பகுதி வெளியேறினதுக்கப்புறம், கை வச்சா இதமா இருக்கற அளவு தண்ணில சோப்புத்தூள் கரைச்சு ஊறப் போடலாம். அதுக்கு மேல சூடு வேணாம். கூடவே குளோரின் ப்ளீச் ஊத்தாதீங்க, அது என்சைமையே சாகடிச்சுடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டா பொங்குதே, அது நல்லதா?

நல்லதுதான். ரத்த அணுக்கள்ல கேட்டலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது பெராக்சைட தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிக்குது, பொங்கற நுரை அந்த ஆக்சிஜன்தான். நுரை கறைய நூல்லேர்ந்து கிளப்பி மேல கொண்டு வரும், மிச்சம் இருக்கற பெராக்சைடு நிறத்த வெளுக்கும்.

மெடிக்கல் ஷாப்ல புண்ணு கழுவ கிடைக்கற 3 சதவீதம் போதும், முடிக்கு அடிக்கற ஸ்ட்ராங்கானத துணில ஊத்தாதீங்க. கறை மேல கொஞ்சமா விடுங்க, நுரை அடங்கினதும் ஒத்தி எடுங்க, மறுபடி விடுங்க. நுரை வர்றது நிக்கற வரைக்கும் ரெண்டு மூணு தடவ பண்ணலாம், அப்புறம் பச்சத்தண்ணில நல்லா அலசிடணும். பெராக்சைடோட அப்படியே வெயில்ல போட்டா அந்த இடம் மட்டும் வெளுத்துடும். பாட்டில் ஏன் எப்பவும் கருப்பா பழுப்பா இருக்குன்னா வெளிச்சம் பட்டா இது தானாவே தண்ணியா மாறிடும், அதனால திறந்து பல மாசம் ஆன பாட்டில்ல வேலை நடக்கலன்னா கறைய குறை சொல்லாதீங்க.

வெள்ளைப் பருத்தித் துணிக்கு தயங்காம போடலாம். கலர் துணின்னா உள்பக்க தையல் ஓரத்துல ஒரு சொட்டு விட்டு அஞ்சு பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்க, சாயம் மாறலன்னா மட்டும் மேல போங்க.

உப்பு, சமையல் சோடா, எலுமிச்சை, வினிகர், டூத்பேஸ்ட்... இதுல எது உண்மையிலயே வேலை செய்யும்?

உப்பு வேலை செய்யும், புதுக் கறைக்கு. உப்புக் கலந்த பச்சத்தண்ணில ரத்தப் புரதம் கொஞ்சம் சுலபமா கரையும், ஒரு பக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி போட்டு ஊற வைங்க. சமையல் சோடாவ தண்ணி விட்டு பசை மாதிரி குழைச்சு கறை மேல அப்பி வச்சா ஓரளவுக்கு இழுக்கும், லேசான காரத்தன்மைதான் (அமிலத்துக்கு நேரெதிர் குணம்)ங்கறதால பருத்திக்கு பாதகம் இல்ல. சாதாரண துணி சோப்புக்கட்டியும் நல்லாவே வேலை செய்யும், கறைய நனைச்சு சோப்ப நல்லா பூசி அப்படியே ஒரு மணி நேரம் விட்டுட்டு அலசிப் பாருங்க.

எலுமிச்சையும் வினிகரும் முதல் ஆளா வேணாம்னு சொல்வேன். அமிலம் பட்டா ஹீமோகுளோபின் பழுப்பா மாறும், பழைய காலத்து லேப்ல ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுக்கே அமிலம் கலந்து அந்தப் பழுப்பு நிறத்ததான் அளந்தாங்க, இத தெரிஞ்சுக்கிட்டு நாமளே போய் கறைல அமிலத்த ஊத்துவானேன். டூத்பேஸ்ட்ல இருக்கறது நைஸான பொடி, அது தேய்மானத்தால கறைய எடுக்குது, கூடவே துணியையும் தேய்க்குது. அவசரத்துக்கு சோப்பே இல்லன்னா சரி, இருந்தா தொட வேணாம்.

தைக்கும்போது ஊசி குத்தி ஒரு புள்ளி ரத்தம். எச்சில் தொட்டு எடுக்கலாமா?

எடுக்கலாம், தையல் வேலை பண்றவங்க ரொம்ப காலமா பண்றதுதான். எச்சில்ல பெரும்பகுதி தண்ணி, கூட இருக்கற அமிலேஸ் மாவுச்சத்த உடைக்கற என்சைம், ரத்தப் புரதத்த அது ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்த நொடியே கைல கிடைக்கற ஈரம் அதுதான், புள்ளி காயறதுக்கு முன்னாடி ஒத்தி எடுக்க முடியுது பாருங்க, அங்கதான் அதோட பலம். உங்க ரத்தத்துக்கு உங்க எச்சில், அதோட நிறுத்திக்கோங்க.

வெள்ளைத் துணிதானே, நேரா ப்ளீச் போட்டா என்ன?

குளோரின் ப்ளீச் முதல் வேலையா வேணாம். புரதம் உள்ள இருக்கும்போதே போட்டா சில சமயம் மஞ்சளா ஒரு திட்டு நின்னுடும், அடிக்கடி போட்டா பருத்தி நூலும் இத்துப் போகும். எலாஸ்டிக், ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிக்கு சுத்தமா ஆகாது.

இன்னொண்ணு, இத தயவு செஞ்சு மனசுல வச்சுக்கோங்க. ப்ளீச்சோட அமோனியா கலந்தா குளோரமைன்ங்கற விஷ வாயு வரும், ப்ளீச்சோட வினிகரோ வேற அமிலமோ கலந்தா குளோரின் வாயுவே வரும். பெராக்சைடும் வினிகரும் ஒரே பாத்திரத்துல கலந்தா பெர்அசிட்டிக் அமிலம்னு ஒண்ணு உருவாகும், அதுவும் கண்ணு, தொண்டை எல்லாத்தையும் அரிக்கும். ஒரு கறைக்காக மூடின பாத்ரூம்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பாட்டிலா ஊத்தி கலக்கறது உயிரோட விளையாடற வேலை. ஒரு நேரத்துல ஒரு பொருள், நல்லா அலசிட்டு அடுத்தது, ஜன்னல் திறந்திருக்கணும்.

பட்டு, கம்பளி?

இது ரெண்டும் தனி ரகம், ஏன்னா பட்டும் கம்பளியும் அதுங்களே புரதம். ரத்தத்த தின்ற ப்ரோட்டியேஸ் உங்க பட்டையும் சேத்து தின்னும், அதனால என்சைம் சோப்புத்தூள் கிட்டயே வரக் கூடாது. சமையல் சோடா, அமோனியா மாதிரி காரமும் ஆகாது, குளோரின் ப்ளீச் பட்டா நூலே கரைஞ்சுடும். பச்சத்தண்ணில நனைச்ச வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, கூட ஒரு சொட்டு மைல்டான ஷாம்பூ சேத்துக்கலாம். முறுக்கிப் பிழியாதீங்க. பட்டுல ஒரு இடம் மட்டும் நனைஞ்சா வட்டமா தண்ணித் தடம் நிக்கும், அது கறையவிட அசிங்கமா தெரியும். சரிகை இருக்கு, விலை அதிகம், சாயம் நிக்குமான்னு தெரியலன்னா ஒத்தி எடுத்ததோட நிறுத்திட்டு டிரை கிளீனிங் ஆள்கிட்ட கொடுத்துடுங்க.

ஜீன்ஸ்ல பட்டுடுச்சு.

ஜீன்ஸுக்கு நீல நிறம் தர்ற இண்டிகோ சாயம் நூலுக்கு மேலாப்புலதான் ஒட்டியிருக்கும், ப்ரஷ் போட்டு தேய்ச்சா கறை போறதுக்குள்ள நிறம் போயிடும், பெராக்சைடும் வெளுக்கும். பச்சத்தண்ணி, உப்பு, அப்புறம் என்சைம் சோப்புல ஊற வைக்கறது, இதோட நிறுத்திக்கறது நல்லது. பாலியெஸ்டர் துணின்னா ரொம்ப கவலைப்பட வேணாம், நூல் தண்ணி உறிஞ்சாதுங்கறதால ரத்தமும் மேலயே நிக்கும், சீக்கிரம் விட்டுடும்.

பீரியட்ஸ் கறை ஏன் சாதா ரத்தக்கறைய விட பிடிவாதமா இருக்கு?

அதுல ரத்தத்தோட கருப்பை உள்சவ்வோட திசு, வழுவழுப்பான சளி திரவம் எல்லாம் கலந்திருக்கு, அதோட பல மணி நேரம் உடம்புச் சூட்டுலயே துணில இருந்து காயுது. பெட்ஷீட்லயோ உள்ளாடைலயோ பட்டத நாள் முழுக்க சுருட்டி ஒளிச்சு வச்சுட்டு ராத்திரி யாரும் பாக்காதப்ப துவைக்கற பொண்ணுங்க இன்னும் நிறைய இருக்காங்க, அந்த ஒளிச்சு வைக்கற நேரத்துலதான் கறை கெட்டியாகுது. இது அடிபட்டு வர்ற ரத்தம் மாதிரியே ரத்தம்தான், வெக்கப்பட இதுல எதுவும் இல்ல, கழட்டின உடனே ஒரு மக்குத் தண்ணில முக்கி வைக்கற சுதந்திரம் வீட்ல இருந்தாலே துணியும் கெடாது, அந்தப் பொண்ணு மனசும் நோகாது. வீட்ல பெரியவங்களா இருக்கறவங்க பாத்ரூம்ல இதுக்குன்னு ஒரு சின்ன பக்கெட்ட வச்சு, இதுல போடும்மான்னு சாதாரணமா சொல்லிடுங்க.

முறை பழையதுதான், பச்சத்தண்ணில அலசல், என்சைம் சோப்புல ஊறல், வெள்ளைன்னா பெராக்சைடு. துணி நாப்கின் பயன்படுத்தறவங்க ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க, அது நூல் மேல ஒரு படலம் போட்டு உறிஞ்சற சக்திய குறைச்சுடும். பீரியட் பேன்ட்டீஸ்ல தண்ணி கசியாத ஒரு லேயர் இருக்கும், அதுக்கு ப்ளீச்சும் அதிக சூடும் ஆகாது. சிலருக்கு கருப்பு உள்ளாடைல நடுவுல மட்டும் ஆரஞ்சா வெளுத்து நிக்கும், எவ்வளவு துவைச்சாலும் போகாது, அது கறையே இல்ல. வெஜைனா இயல்பாவே அமிலத்தன்மை உள்ளது, பிஎச் (அமிலத்தன்மைய காட்டற அளவு, 7க்கு கீழ போனா அமிலம்) 3.8லேர்ந்து 4.5 வரைக்கும் இருக்கும், அது சாயத்த வெளுத்தது. நோயும் இல்ல, சுத்தக்குறைவும் இல்ல.

மெத்தைல பட்டுடுச்சு, எப்படி ஊற வைக்கறது?

ஊற வைக்கவே கூடாது, தண்ணி உள்ள இறங்கினா காயாம நாத்தம் பிடிச்சு பூஞ்சை வந்துடும். உப்பையும் பெராக்சைடையும் சமையல் சோடாவோட குழைச்சு பசையா அப்புங்க, காயட்டும், ப்ரஷால தட்டி விட்டுட்டு ஈரத்துணியால ஒத்துங்க. தேவைப்பட்டா இன்னொரு தடவ. கடைசில ஃபேன் போட்டு நல்லா காய விட்டுட்டுதான் பெட்ஷீட் விரிக்கணும்.

தெரியாம மெஷின்ல சுடுதண்ணில ஓட்டி இஸ்திரியும் போட்டாச்சு. அவ்வளவுதானா?

கஷ்டம்தான், ஆனா விட்டுடாதீங்க. வெந்து கெட்டியான புரதத்த தண்ணியால கரைக்க முடியாது, என்சைமால வெட்ட முடியும். ராத்திரி முழுக்க என்சைம் சோப்புல ஊற வச்சு, அலசி, மறுநாள் மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். கடைசில மஞ்சளா நிழல் மாதிரி நின்னா, அந்தக் கட்டத்துல ஆக்சிஜன் ப்ளீச்ல, அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள்ல, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு கரைச்சு ஊறப் போடுங்க. இது தண்ணில கரைஞ்சு பெராக்சைட விடற பொருள்தான், பெரும்பாலான கலர் பருத்தித் துணிக்கும் தாங்கும், பட்டு கம்பளிக்கு மட்டும் வேணாம்.

வேற ஒருத்தரோட ரத்தம் பட்ட துணிய துவைக்கும்போது கவனிக்க வேண்டியது?

கையுறை போடுங்க, முக்கியமா கைல வெட்டுக்காயம் இருந்தா. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாளாவது தொத்தற நிலைல இருக்கக்கூடியது, அதனால காஞ்ச ரத்தம்தானேன்னு அலட்சியம் வேணாம். உதறாதீங்க, தண்ணி முகத்துல தெறிக்காத மாதிரி பக்கெட்டுக்குள்ளயே அலசுங்க. கறை முழுசா போனதுக்கப்புறம் துணி தாங்கற அளவு சூட்டுல ஒரு தடவ தனியா துவைங்க, இப்ப சூடு வைக்கலாம், புரதம்தான் போயிடுச்சே. பக்கெட்ட கழுவி, கைய சோப்பு போட்டு கழுவிடுங்க.

மத்த துணியோட சேத்து துவைக்கலாமா?

முன் அலசல் தனியா முடிஞ்சிருந்தா தாராளமா. கறை மத்த துணிக்கு ஒட்டாது.

டிரை கிளீனிங் கொடுத்தா கண்டிப்பா போயிடுமா?

டிரை கிளீனிங்ல பயன்படுத்தற கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்குக்குதான் கெட்டிக்காரத்தனமா வேலை செய்யும், ரத்தம் தண்ணில கரையற கறை, அதனால அவங்க கறை எடுக்கற வேலைய கைல தனியா பண்ணிட்டுதான் மெஷின்ல போடணும். இது ரத்தம், இத்தனை நாள் ஆச்சு, வீட்ல இதெல்லாம் போட்டுப் பாத்தேன்னு வெளிப்படையா சொல்லிக் கொடுங்க. சொல்ல சங்கடப்பட்டு மடிச்சு கொடுத்துட்டா அவங்க கவனிக்காம சூடா பிரஸ் பண்ணிடுவாங்க. கறை இருக்கற இடத்துல ஒரு நூலோ ஸ்டிக்கரோ அடையாளம் வச்சே கொடுத்துடுங்க.